உண்ணி

படிவத்தில் ஒவ்வாமைக்கு விட்ட இடம்
ஒரு விரல் நீளம்.
சிக்ஸ்டன் ஹுல்ட் அதில் எழுதினார்:
மூஸ் மான். மாடு. பன்றி.
ஆடும்தான், ஆனால் ஸ்மோலாந்தில் யார் ஆடு தின்கிறார்கள்.
எழுத்து விளிம்பைத் தாண்டி
பிறந்த தேதியின் மேல் ஏறியிருந்தது.

பனி வாரும் வண்டி ஓட்டுபவர்.
அக்டோபரில் காட்டுக்குள் மரக்கோபுரத்தில்
துப்பாக்கியோடு விடியலுக்குக் காத்திருப்பவர்.
ஒரு கோடையில், முழங்காலின் பின்மடிப்பில்
எள்ளளவு ஓர் உண்ணி.
மூன்று நாள் உண்டது.
பிடுங்கி எறிந்தார், மறந்தார்.
உடம்பு மறக்கவில்லை.

அதற்கப்புறம்
ஆறு மணிக்குத் தின்ற இறைச்சி
நள்ளிரவில் வந்து கதவைத் தட்டும்.
உள்ளங்கை அரிக்கும், வயிறு முறுக்கும்,
நாக்கு தடித்து
சொல் வெளியே வர வழியில்லாமல் நிற்கும்.
திருடன் போய் ஐந்து மணி நேரம் கழித்துக்
குரைக்கிற நாய்.
யாரைச் சந்தேகிப்பது?
தலையணை உறையை மாற்றினார்கள்,
சோப்புத்தூளை மாற்றினார்கள்,
பூனையை குன்வோரின் தங்கை வீட்டுக்கு அனுப்பினார்கள்.
ஒரு வருஷம் போயிற்று கண்டுபிடிக்க.
பூனை திரும்பி வரவில்லை.

"மருந்து எதற்காவது ஒவ்வாமை?" என்று கேட்டேன்.
கேட்பது என் வேலை.
"மருந்து நாலு காலில் நடக்குமா?" என்றார்.
சிரித்தோம். பின்னால் வரிசையில் நின்றவளும் சிரித்தாள்.

இந்த ஜூனில் இன்னோர் உண்ணி,
தொடையில் சிவந்த வளையம்.
மருத்துவர் எழுதிய மாத்திரை கையிருப்பில் இல்லை.
அதே மருந்து கேப்சூலாக இருந்தது.
"இரண்டும் ஒன்றுதான்" என்றேன்.
என் வாயிலிருந்து வந்த சொல் அது.
ஒன்றுதான்.

ஒன்பது மணிச் செய்தியோடு ஒன்று விழுங்கினார்.
இரண்டரைக்குக் குளியலறைத் தரையில் கிடந்தார்,
கன்னம் ஓட்டில் ஒட்டியபடி.
குன்வோர் ஊசிப்பேனாவை அவர் தொடையில் குத்தி
பத்து வரை எண்ண வேண்டும்;
ஆறுக்குப் பிறகு என்ன வரும் என்று தெரியாமல்
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாளாம்.
ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம்,
குளிர்காலம் முழுக்க
அவரே வாரித் திறந்து வைக்கும் சாலை வழியாக.

ஒன்பதாம் நாள் கடைக்கு வந்தார்.
பெட்டியை என் முன்னால் வைத்துவிட்டு
தடம் தேடுகிறவனின் குரலில் கேட்டார்:
"இதில் மாடு எங்கே ஒளிந்திருந்தது?"

மருந்தில் இல்லை. மருந்தின் சட்டையில்.
தோலும் எலும்பும் காய்ச்சி
கண்ணாடிபோல் வார்த்த மெல்லிய சட்டை.
பத்தொன்பது வருஷமாய்
தாளின் கடைசி வரியில் ஜெலட்டின் என்ற சொல்லை
நிற்காத ரயிலிலிருந்து ஸ்டேஷன் பெயரைப் பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன்.
கம்பெனிக்குப் போன் செய்தேன்: மாடா, பன்றியா?
பியானோ வாசித்துக் காக்க வைத்தார்கள்.
"எதுவாகவும் இருக்கலாம்" என்றது ஒரு குரல்,
"அந்தந்த மாதத்தைப் பொறுத்தது."
சிக்ஸ்டனிடம் அப்படியே சொன்னேன்.
வேறெதையும் சொன்னேனா என்று நினைவில்லை.
மன்னிப்பு என்ற சொல்
அன்று கையிருப்பில் இருந்ததா, தெரியவில்லை.

அக்டோபரில் ஒரு பொட்டலம் கொண்டு வந்தார்.
நாலு கிலோ மூஸ், செய்தித்தாளில் சுற்றி,
பென்சிலால் தேதி போட்டு.
"குறி இன்னும் தப்பவில்லை" என்றார், "வாய்தான்."
அது என் ஃப்ரீசரின் அடித்தட்டில் இருக்கிறது.
பட்டாணி எடுக்கும்போதெல்லாம் கையில் இடிக்கிறது.

இப்போது நான் வேறு மாதிரி கேட்கிறேன்:
எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு இரவில் விழித்தீர்கள்?
எங்கே அரித்தது? அன்று காட்டுக்குப் போனீர்களா?
வரிசையில் இருமல் கேட்கிறது.
யாரோ கைப்பேசியில் மணி பார்க்கிறார்.
இருமல் மருந்துக்கு வந்த ஓர் இளம் தகப்பன்,
தோளில் தூங்கும் குழந்தையோடு,
"ஒன்றும் இல்லை" என்கிறான், "எதற்கும் இல்லை."
நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
பாட்டிலின் பின்பக்கத்தை
கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப்
படிக்கத் தொடங்குகிறேன்.